காட்டேரிக் கண்ணீர், பதினோரு டப்பி

எனக்குக் குடிக்கத் தெரியாது. குடித்தவர்களோடு பேசவும் தெரியாது. ஆனாலும் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பங்களா ஒன்றில் நான்தான் பார்டெண்டராக இருந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு. என் முதல் விருந்தில் நான் கலக்கிக் கொடுத்ததைக் குடித்த பத்துப் பேர், மறுநாள் காலை ஆஸ்பத்திரி லேப் ஜன்னல் முன்னால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பியோடு வரிசையில் நின்றார்கள். பதினோராவதாக நான் நின்றேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தேன். அங்கே பார் வகுப்பு உண்டு, சரக்கு கிடையாது. டீ டிகாக்‌ஷன்தான் விஸ்கி, குழாய்த் தண்ணீர்தான் வோட்கா, ரோஸ் மில்க் எசன்ஸ் கலந்த தண்ணீர்தான் ஒயின். அதையெல்லாம் குலுக்கி, ஊற்றி, எலுமிச்சைத் துண்டு செருகி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கினேன். (ரெண்டு மார்க் போனது, விஸ்கியில ஈ விழுந்ததால.) அந்தத் தைரியத்தில், பங்களா மேனேஜர் ரோஸ்லின் மேடம் நேர்முகத் தேர்வில் "காக்டெயில் போடத் தெரியுமா?" என்று கேட்டபோது, "நல்லாத் தெரியும் மேடம்" என்றேன். வாங்கிய மதிப்பெண்ணுக்கு அது உண்மைதான்.

வீட்டில் சொன்னது வேறு. எங்கள் வீட்டில் இருமல் மருந்தைக்கூட லேபிளைப் படித்துவிட்டுத்தான் குடிப்போம். ஆகவே எனக்கு ஜூஸ் செக்‌ஷனில் வேலை என்று சொல்லிவிட்டேன். அம்மா அதை அக்கம்பக்கத்தில் பெருமையாகப் பரப்பினாள். "எம் பொண்ணு பங்களாவுல ஜூஸ் போடுறாளுங்க. வெளிநாட்டுக்காரங்க எல்லாம் வந்து குடிக்கிறாங்களாமா." அப்பா கேட்டுக்கொண்டார். அவர் குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இருபத்தாறு வருஷமாக ரிப்போர்ட் எழுதி எழுதி அவர் பேச்சும் ரிப்போர்ட் மாதிரியே ஆகிவிட்டது. இருக்கு, இல்லை, நார்மல். இந்த மூன்று வார்த்தைகளில் அம்மாவோடு குடும்பமே நடத்திவிட்டார்.

அக்டோபர் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் கம்பெனிக் குழு பங்களாவை மொத்தமாகப் பிடித்தது. பதினெட்டுப் பேர். அவர்களுக்கு ஹாலோவீன் விருந்து வேண்டும், பேய் பிசாசு பெயரில் பானங்கள் வேண்டும். ரோஸ்லின் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"நித்யா, இது நல்லாப் போச்சுன்னா உன்னைப் பாருக்கே கன்ஃபர்ம் பண்ணிடுறேன். சொதப்பினா ரிசப்ஷன்ல உட்கார்ந்து ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு இரு."

ஜெராக்ஸ் மெஷினுக்கும் எனக்கும் ஏற்கெனவே ஆகாது. அன்றைக்கே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன். மூன்று பானங்கள் தயாராயின. முதலாவது, கொள்ளிவாய்ப் பிசாசு: விஸ்கி, கேரட் சாறு, நாலு காந்தாரி மிளகாய். இரண்டாவது, சூனியக்காரி குளம்: ரம்மில் பேஷன் ஃப்ரூட் விதைகள் மிதக்கும், பார்த்தால் தவளை முட்டை மாதிரியே இருக்கும். மூன்றாவதுதான் விருந்தின் ராணி. பெயர் காட்டேரிக் கண்ணீர். வோட்கா, எலுமிச்சை, ரத்தச் சிவப்பில் மாதுளை சிரப்.

அந்த சிரப் வெளிநாட்டுச் சரக்கு. மேடம் கோயம்புத்தூரில் ஆர்டர் கொடுத்திருந்தார். விருந்துக்கு முந்தின நாள் பெய்த மழையில் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து, அதைக் கொண்டு வந்த வண்டி கீழேயே நின்றுவிட்டது. அன்றைக்கு மேடம் ஊட்டியில் இருந்தார். போனில், "சிரப் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

'வரலை மேடம்' என்பது இரண்டே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் என் வாயிலிருந்து, "வந்துடுச்சு மேடம்" என்று வந்தது.

ரத்தச் சிவப்பில் என்ன கிடைக்கும் என்று சமையலறையில் தேடினேன். நீலகிரியில் இருந்துகொண்டு அதற்குத் தேடவே வேண்டியதில்லை. மூலையில் பன்னிரண்டு கிலோ பீட்ரூட் மண்ணோடு கிடந்தது. அத்தனையையும் அரைத்து, பிழிந்து, சர்க்கரை போட்டு, இரண்டரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சினேன். பழைய வெளிநாட்டு பாட்டில்களைக் கழுவி அதில் ஊற்றி வைத்தேன். மண் வாசனை போக ஏலக்காய் போட்டேன், கிராம்பு போட்டேன், சரியாக இருக்கிறதா என்று கரண்டி கரண்டியாகச் சுவைத்தேன். ஒரு டம்ளராவது உள்ளே போயிருக்கும்.

சமையல்காரர் செல்வநாயகம் அண்ணன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா அம்மா இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அவர் பேச்சில் இன்னும் அந்த ஊர் இருக்கிறது.

"தங்கச்சி, மேடம் கேட்டா நான் என்ன சொல்ல?"

"மாதுளைன்னு சொல்லுங்கண்ணா."

"மாதுளை எப்ப மண்ணுக்குள்ள காய்ச்சது?" என்றார். அத்தோடு ரசத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

அலங்காரமும் என் பொறுப்பு. பெரிய பூசணிக்காய் கிடைக்கவில்லை, மற்ற ஊர்க்காரர்கள் சௌசௌ என்கிற மேரக்காயில் முகம் செதுக்கினேன். மேரக்காய்க்குப் பிறவியிலேயே பல் போன கிழவர் முகம். கண் மட்டும் குடைந்தால் போதும். புகைக்கு, மேஜைக்கு அடியில் சாம்பிராணி. எல்லாவற்றுக்கும் மேலே, பானப் பாத்திரங்களுக்கு நேர் மேலே, வேலியோரம் தலைகீழாகத் தொங்குமே பெரிய வெள்ளை ஊமத்தம்பூ, அதில் ஒன்பதைப் பறித்து நூலில் கட்டித் தொங்கவிட்டேன். குட்டிக் குட்டி வெள்ளைப் பேய்கள் மாதிரி ஆடின.

செல்வநாயகம் அண்ணன் வாசலில் நின்று தலையை ஆட்டினார். "அது விஷப்பூ தங்கச்சி. குடிக்கிற ஏனத்துக்கு மேல கட்ட வேணாம்."

"அதுபாட்டுக்கு மேல தொங்குதுங்கண்ணா. யாரு கடிக்கப் போறாங்க?"

"சொல்றது விளங்குதா இல்லையா?"

விளங்கியது. ஆனால் பூ அழகாக இருந்தது.

நாலு மணிக்குப் பனி இறங்கியதும் விருந்து தொடங்கியது. (இருட்டிய பிறகு தேயிலைக்குள் காட்டெருமை வந்து நிற்கும். அதனால் எங்கள் பங்களாவில் பேய்களுக்கும் ஏழரை மணிக்குள் சாப்பாடு.) பதினெட்டுப் பேரும் வேஷத்தில் வந்தார்கள். குழுவின் தலைவர் கார்த்திக் எலும்புக்கூடு. ஐஸ்வர்யா என்ற பெண் கூம்புத் தொப்பி வைத்த சூனியக்காரி. ஒருவர் உடம்பெல்லாம் டாய்லெட் பேப்பர் சுற்றி மம்மியாக வந்து, குன்னூர் ஈரத்தில் அரை மணி நேரத்தில் வெறும் பனியனோடு நின்றார்.

சாம்பிராணிப் புகையில் காக்டெயில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி மணத்தது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. "என்ன ஃபிளேவர் இது, டிவைன்" என்றார்கள். கொள்ளிவாய்ப் பிசாசைக் குடித்த எலும்புக்கூடு பத்து நிமிஷம் நாக்கை மோரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சூனியக்காரி குளத்தில் பாதி பேர் நீந்தினார்கள். ஆனால் காட்டேரிக் கண்ணீர்தான் வென்றது. ஒருவர் ஐந்து கிளாஸ். கார்த்திக் ஏழு. பல், உதடு, முகவாய் எல்லாம் சிவந்து, வேஷம் தானாகவே முழுமை அடைந்தது. குடிக்காதவர்கள் வோட்கா இல்லாமல் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். மேடமும் ஒரு வாய் குடித்துவிட்டு, "இம்போர்ட்டட்னா இம்போர்ட்டட்தான்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அன்று படுக்கும்போது, 'நீலகிரியின் தலைசிறந்த பார்டெண்டர்' என்ற பட்டத்தை எனக்கு நானே இரண்டு முறை கொடுத்துக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்கு ரிசப்ஷனில் இருந்தேன். இன்டர்காம் அடித்தது. கார்த்திக்.

"மேடம், கொஞ்சம் பர்சனலான விஷயம். பாத்ரூம்ல கலர் சரியில்ல."

"மழைக்கு மோட்டார்ல சேறு வருமுங்க சார். பத்து நிமிஷம் குழாயைத் திறந்து விடுங்க, சரியாயிரும்."

குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தண்ணி இல்லைங்க."

புரிய மூன்று விநாடி ஆனது. "என்ன கலருங்க சார்?"

"சிவப்பு. தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

போனை வைத்த கையை எடுக்கும் முன் அடுத்த அழைப்பு. அவருக்கும் பர்சனல். அவரும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். எட்டு மணிக்குள் என்னிடம் ஏழு ரகசியங்கள் சேர்ந்துவிட்டன, எல்லாம் ஒரே நிறம். காலை உணவு மேஜையில் யாரும் யாரையும் பார்க்காமல், ஆளுக்கு ஒரு ஜக் தண்ணீரை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இட்லியைத் தொட ஆளில்லை. கடைசியில் கார்த்திக் பக்கத்து நாற்காலியிடம் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்து நாற்காலி, "டேய், உனக்குமா?" என்று எழுந்து நின்றது. அடுத்த நிமிஷம் மேஜையே எழுந்து நின்றது. எண்ணிப் பார்த்ததில் பத்துப் பேர்.

நான் நழுவி ஊழியர் கழிவறைக்குப் போனேன். அங்கே எனக்கும் அதே சிவப்பு.

என் அறிவுக்கு அப்போது பீட்ரூட் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் பீட்ரூட் என்றால் பொரியல், ஆளுக்கு ஒரு கரண்டி, அதில் பாதி தேங்காய். அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று யாரும் பின்தொடர்ந்து போய்ப் பார்த்ததில்லை. எனக்குத் தோன்றியது வேறு. பார் மேஜைக்கு ஓடினேன். தொங்கிய பூக்களை எண்ணினேன்.

எட்டு இருந்தது. திரும்ப எண்ணினேன். எட்டுதான்.

நூலில் ஒரு முடிச்சு வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது, நேர் கீழே காட்டேரிக் கண்ணீர்ப் பாத்திரம். செல்வநாயகம் அண்ணன் பின்னால் வந்து நின்றார். அவரும் எண்ணினார். திட்டுவார் என்று நினைத்தேன். "முதல்ல ஆஸ்பத்திரி போவோம் தங்கச்சி. மத்ததைப் பொறகு பாக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பங்களா வேனில் எல்லாரும் ஏறினோம். பதினைந்து கொண்டை ஊசி வளைவுகளில் மனசுக்குள் உயில் எழுதினேன். என்னிடம் இருந்தது ஒரு ஸ்மார்ட்போன், இரண்டு ஸ்வெட்டர். எல்லாவற்றையும் அம்மாவுக்கு எழுதி வைத்தேன். ஒரே ஆறுதல், அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு லீவு. செய்தி வீட்டுக்குப் போவதற்குள் நான் கைதாகிவிடலாம்.

டாக்டர் இளம்வயதுப் பெண். பத்துப் பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "வாந்தி இருக்கா? வயித்துவலி? மயக்கம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார்கள். "நேத்து விஷமா ஏதாவது உள்ள போயிருக்க வாய்ப்பு இருக்கா?"

ரோஸ்லின் மேடம் நிமிர்ந்தார். "சான்ஸே இல்ல டாக்டர். எங்க கிச்சன் சுத்தமான கிச்சன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் பாரும் வேலையும் என்னிடமே இருக்கும். ஆனால் அந்தப் பத்து முகங்களைப் பார்த்தேன். அவர்கள் உதட்டில் நேற்றைய சிவப்பு இன்னும் போகவில்லை. கார்த்திக் தன் மனைவிக்கு போனில், "பயப்படாத, சும்மா செக்கப்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாய்ப்பு இருக்குங்க டாக்டர்" என்றேன். "பாத்திரத்துக்கு மேல வெள்ளை ஊமத்தம்பூ கட்டியிருந்தேன். ஒன்பது பூ. இப்ப எட்டுதான் இருக்கு. ஒண்ணு உள்ள விழுந்திருச்சுன்னு நினைக்கிறேனுங்க. அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கலை."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் ஜெராக்ஸ் மெஷின்கூட எனக்கு மிச்சமில்லை. டாக்டர் எழுந்தே விட்டார். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ஐஸ்வர்யா தன் கைப்பையைத் திறந்தாள். "இந்தப் பூவா?"

கசங்கி, பழுப்பேறி, காகிதம் மாதிரி ஆன ஒரு ஊமத்தம்பூ. "தொப்பில செருகிக்கலாம்னு நான்தான் பறிச்சேன். சாரி. அழகா இருந்துச்சு."

எனக்கு அவளைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. டாக்டர் அவளை முதலில் போய் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, "அப்ப பூ இல்ல. எதுக்கும் எல்லாரும் யூரின் டெஸ்ட் கொடுத்துருங்க" என்று சீட்டு எழுதினார்.

ஆளுக்கொரு டப்பியோடு லேப் ஜன்னல் முன்னால் நின்றோம். வரிசை நகர்ந்தது. என் முறை வந்தது. உள்ளே இருந்தவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த வழுக்கையை எனக்கு இருபத்து மூன்று வருஷமாகத் தெரியும்.

"பேரு?"

"நித்யாங்க."

"வயசு?"

"இருபத்தி மூணுங்க."

பேனா நின்றது. அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், டப்பியைப் பார்த்தார், எனக்கு முன்னால் வைத்திருந்த பத்து சிவப்பு டப்பிகளைப் பார்த்தார்.

"லீவுன்னீங்களேப்பா."

"டியூட்டி மாத்திக்கிட்டேன். உனக்கு என்னாச்சு கண்ணு?"

"ஜூஸ் குடிச்சேனுங்கப்பா."

அப்பா பேனாவை மூடி வைத்தார். டப்பிகளை உள்ளே எடுத்துப் போனார். கண்ணாடி வழியாக எல்லாரும் எட்டிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு சோதனைக் காகிதப் பட்டையை முக்கினார். நிறம் மாறுகிறதா என்று பார்த்தார். பிறகு என் டப்பியை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஜன்னலுக்குத் திரும்பி வந்தார்.

"ரத்தம் இல்லை. யாருக்குமே இல்லை." பிறகு வரிசையைப் பார்த்து, "ஏனுங்க, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

பத்துப் பேரும் ஒரே குரலில், "காட்டேரிக் கண்ணீர்" என்றார்கள்.

அப்பாவின் இருபத்தாறு வருஷ அனுபவத்தில் அப்படியொரு பதில் வந்திருக்காது. "அப்படின்னா?"

"காக்டெயில் சார்" என்றார் கார்த்திக் உற்சாகமாக. ரத்தம் இல்லை என்றதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. "வோட்கா போட்டது. செம டேஸ்ட். இவங்கதான் பார்டெண்டர்." அவர் விரல் என் நெற்றிக்கு நேராக நின்றது.

"பார்டெண்டர்" என்றார் அப்பா. கேள்வியாக இல்லை, ரிப்போர்ட்டில் எழுதுகிற மாதிரி.

அவர் உள்ளே போனார். ஒரு சோதனைக் குழாயில் என்னுடையதைக் கொஞ்சம் ஊற்றி எடுத்து வந்து, எல்லாரும் பார்க்கும்படி ஜன்னலில் வைத்தார். ஏதோ ஒரு புட்டியிலிருந்து சில சொட்டு விட்டு லேசாகக் குலுக்கினார். சிவப்பு எங்கள் கண்ணெதிரே மங்கி மஞ்சளானது. நேற்றைய எலும்புக்கூடு, காட்டேரி, மம்மி எல்லாரும் கை தட்டினார்கள். முந்தின நாள் விருந்தில் நான் செய்த எதற்கும் இவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை.

"பயப்படாதீங்க. உங்க ரத்தமெல்லாம் உள்ளயே பத்திரமா இருக்கு" என்றார் அப்பா. "இது பீட்ரூட்டு. நெறையக் குடிச்சா சிலருக்கு இப்படித்தான் இறங்கும். நாளைக்கு நார்மல்."

"பீட்ரூட்டா?" ரோஸ்லின் மேடம் முன்னால் வந்தார். "அதுல பீட்ரூட்டே கிடையாதே. இம்போர்ட்டட் மாதுளை சிரப்."

மேடம் என் பக்கம் திரும்பினார். அப்பாவும் என் பக்கம் திரும்பினார். ஒருவரிடம் சொன்ன பொய்க்கும் இன்னொருவரிடம் சொன்ன பொய்க்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுதான் இடம் இருந்தது. அதில் நான் நின்றேன்.

"சிரப் வரலை மேடம்" என்றேன். "பன்னிரண்டு கிலோ பீட்ரூட்."

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, "ஜூஸ் செக்‌ஷன்னு ஒண்ணு இல்லீங்கப்பா" என்றேன்.

முதலில் சிரித்தது டாக்டர்தான். என்ன சத்தம் என்று பார்க்க வந்தவர், சுவரில் சாய்ந்து சிரித்தார். அப்புறம் கார்த்திக். அப்புறம் வரிசை முழுக்க. நர்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் சத்தம் போடக்கூடாது என்று பேய்களை வெளியே அனுப்பினார்.

மேடம் வேன் வரைக்கும் என்னோடு பேசவில்லை. வேனில் ஏறும்போது, "பொய் சொன்னதுக்கு ஒரு மாசம் ஜெராக்ஸ்" என்றார். "அப்புறம் பாருக்கு வா. ஆனா இனிமே எதுல என்ன இருக்குன்னு போர்டுல எழுதி வைக்கணும்." சென்னைக் குழு அடுத்த வருஷத்துக்கும் அப்போதே இடம் கேட்டுவிட்டதாம். அதைப் பிறகுதான் சொன்னார்.

சாயங்காலம் அப்பாவோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். ஒரு வார்த்தை இல்லை. வெலிங்டன் தாண்டினோம், அப்போதும் இல்லை. இறங்கி நடக்கும்போது நானே ஆரம்பித்தேன்.

"கோவமாப்பா?"

"இல்லை."

கொஞ்ச தூரம் போய் நின்றார். "உன் டப்பியப் பாத்தப்ப எனக்கு என்ன ஆச்சு தெரியுமா கண்ணு? பொய்யச் சொல்லு, சொல்லாம இரு, ஆனா அப்பன இன்னொருக்கா அப்படிப் பாக்க வெச்சிராத." அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தைகள் சேர்ந்து வந்து நான் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். மூக்கைத் துடைத்துக்கொள்ளத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அம்மாவிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடும், அதைக் காலையிலேயே போன் போட்டுச் சொல்லாத ஆஸ்பத்திரியோடும் கோபமாக இருந்தாள்.

சில மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் அம்மாவின் பெரியப்பா மகன், நாங்கள் ஈரோட்டு மாமா என்று கூப்பிடுபவர், எல்லார் முன்னாலும் கேட்டார். "பொண்ணு என்னமோ கலக்குறாளாமா. என்ன வேலைங்க மாப்பிள்ளை அது?"

அம்மா முகம் இலைக்குள் போனது. நான் பாயசத்தில் மூழ்கத் தயாரானேன். அப்பா நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவ கலக்கிக் குடுப்பாளுங்க. மறுநாள் நான் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுப்பேன். குடும்பத் தொழிலுங்க."

பந்தி முழுக்க சிரித்தது. இப்போது எனக்குக் கல்யாணமாகி, நான் பெரிய ஹோட்டலில் பார் மேனேஜர். என்றாலும் எங்கள் சொந்தத்தில் யாருக்கும் என் பதவி தெரியாது, எல்லாருக்கும் நான் குடும்பத் தொழில்தான். சிரிக்காத ஒரே ஆள் ஈரோட்டு மாமா. அன்று பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அப்பாவைத் தனியாக ஓரங்கட்டி, சரக்கு, டெஸ்ட் ரெண்டும் சேர்த்து எடுத்தால் சொந்தக்காரங்களுக்கு ஏதாவது குறைத்துப் போடுவீங்களா என்று கேட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் செய்து இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.